ஆடிட்டர் இல்லாமல் நானே வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், கம்பெனி என்று அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 38. ஐடிஐ எலக்ட்ரீஷியன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது சில வருடங்களாக சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். கூலிக்கு இரண்டு பையன்கள் கூட வேலை செய்கிறார்கள். சிப்காட்டில் இரண்டு கம்பெனிகளுக்கு பேனல் போர்டு, வயரிங் பராமரிப்பு, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி பக்கம் அடுக்குமாடி வீடுகளில் ரிப்பேர், சீசனுக்கு முன்னால் மாங்கூழ் ஆலை ஒன்றில் மோட்டார் வேலை, ஊர்ப்பக்கம் வீட்டு வயரிங். கடந்த மார்ச்சில் முடிந்த 2025-26 ஆண்டில் மொத்த வரவு 18,40,000 ரூபாய். அதில் வங்கி வழியாகவும் போன் வழியாகவும் வந்தது 13,60,000, ரொக்கம் 4,80,000. கூலி, பெட்ரோல், சாமான் செலவு போகக் கையில் நின்றது சுமார் 6 லட்சம்.

ஒரு கம்பெனி 6,40,000-க்கு 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருக்கிறது. இன்னொரு கம்பெனி 3,20,000-க்கு 10 சதவீதம் பிடித்திருக்கிறது. முன்பு கணக்கு பார்த்த தருமபுரி ஆடிட்டர் உடம்பு முடியாமல் ஆபீஸை மூடிவிட்டதால் 2023-24, 2024-25 இரண்டு வருடமும் ரிட்டர்ன் போடவில்லை. அந்த இரண்டு வருடத்திலும் பிடித்த டிடிஎஸ் மட்டும் 61,000 ரூபாய்க்கு வரும்.

“வருஷா வருஷம் ஏதாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஏப்ரல் 1-லிருந்து சட்டமே புதிதாம். 12 லட்சம் வரை வரி இல்லை, நீ கணக்கே காட்ட வேண்டாம் என்கிறான் நண்பன். கர்நாடகாவில் ஒரு ரூபாய் வேலை பார்த்தாலும் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 40 லட்சம் வரை வேண்டாம் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். யார் சொல்வதை நம்புவது? ஆடிட்டருக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லாத நிலையில் இதை நானே பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முடியும். உங்கள் அளவு வருமானத்துக்கு, உங்கள் மாதிரி தொழிலுக்கு, வருடாந்தர ரிட்டர்னை நீங்களே போட்டுவிடலாம். ஆனால் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் ஒரு ஆடிட்டரையோ வரி வழக்கறிஞரையோ பார்த்தே ஆக வேண்டும். எவை என்று போகப்போகச் சொல்கிறேன். வரி வழக்குகளைப் பார்ப்பதே என் தொழில் என்றாலும், தேவையில்லாத இடத்தில் உங்களைப் போன்றவர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

12 லட்சம் வரை வரி இல்லை, ரிட்டர்ன் உண்டு

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. புதிய வரிமுறையில் 2025-26 ஆண்டுக்கு முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், அதற்கு மேல் படிப்படியாக ஏறி 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், இப்படிக் கணக்குப் போட்டு வரும் வரியில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி தருகிறார்கள். ஆக, வரி முதலில் விழுகிறது, பிறகு தள்ளுபடியாகிறது. தள்ளுபடி வேண்டுமென்றால் ரிட்டர்ன் போட்டால்தான் கிடைக்கும். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிய எவரும் ரிட்டர்ன் போட வேண்டும். உங்களுக்கு 6 லட்சம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு வருடத்தில் ஒருவருக்கு டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வாங்கிக் கட்டும் வரி) சேர்த்து 25,000 ரூபாயோ அதற்கு மேலோ பிடித்திருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். உங்களுக்குப் பிடித்தது 6,400-ம் 32,000-ம் சேர்த்து 38,400. நீங்கள் ரிட்டர்ன் போடாவிட்டால் அந்தப் பணம் அரசிடமே நின்றுவிடும்.

12.75 லட்சம் என்று ஒரு கணக்கும் ஊரில் சுற்றுகிறது. அந்தக் கூடுதல் 75,000 சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் உள்ள நிலைக் கழிவு. கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் நண்பருக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

6 சதவீதம் என்பது தரை

சிறு தொழில் செய்பவர்கள் பேரேடு, தணிக்கை எதுவும் இல்லாமல், வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம் என்பதுதான் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. வங்கி, செக், யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம். வரவு 2 கோடி வரை இந்த வசதி உண்டு. ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. உங்களுக்கு இதற்கான படிவம் ஐடிஆர்-4, அதாவது சுகம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 13,60,000-ல் 6 சதவீதம் 81,600. 4,80,000-ல் 8 சதவீதம் 38,400. இரண்டும் சேர்ந்து 1,20,000. “அப்படியானால் 1,20,000 லாபம் என்று காட்டிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்தச் சதவீதம் அல்லது அதற்கு மேல் உண்மையில் சம்பாதித்த தொகை என்றுதான் சட்டம் சொல்கிறது. கையில் 6 லட்சம் நின்றது என்று உங்களுக்கே தெரியும்போது அதைத்தான் காட்ட வேண்டும்.

அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். 6 லட்சத்தில் 4 லட்சம் போக மீதி 2 லட்சத்துக்கு 5 சதவீதம், 10,000 ரூபாய். அது முழுவதும் தள்ளுபடி. வரி பூஜ்யம். பிடித்த 38,400-ம் முழுதாகத் திரும்பி வரும். 1,20,000 காட்டினாலும் இதே பூஜ்யம், இதே ரீஃபண்ட்தான். ஆனால் நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, மூன்று வருட ரிட்டர்னில் மாதம் பத்தாயிரம் வருமானம் என்று இருந்தால் மேலாளர் என்ன கடன் தருவார்? உண்மையைக் காட்டுவதுதான் உங்களுக்கு லாபம்.

44ஏடி-யில் ஒரு கட்டு உண்டு. ஒரு முறை இதில் நுழைந்த பிறகு, அடுத்த ஐந்து வருடத்துக்குள் இதைவிடக் குறைந்த லாபம் காட்டி வெளியே போனால், அதற்கப்புறம் ஐந்து வருடம் இதில் திரும்ப நுழைய முடியாது. வருமானம் அடிப்படை வரம்புக்கு மேல் இருந்தால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும். ஒரு வருடம் வேலை சரியில்லை என்று அவசரப்பட்டு நஷ்டம் காட்டப் போகும் முன்னால் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

எல்ஐசி, வீட்டுக்கடன் எல்லாம் கழிக்கும் பழைய முறை உங்கள் வருமானத்துக்கு உதவாது. புதிய முறை தானாகவே பொருந்தும். பழைய முறை வேண்டுமென்றால் தொழில் செய்பவர்கள் 10-ஐஇஏ என்ற படிவம் தனியாகப் போட வேண்டும். ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் மறுபடி போகவும் முடியாது. அதைத் தொடாமல் விடுங்கள்.

ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பிடித்தம்?

நீங்கள் இணைத்திருந்த பில் நகலைப் பார்த்தேன். 1 சதவீதம் பிடித்த கம்பெனிக்குக் கொடுத்த பில்லில் ‘பேனல் போர்டு பராமரிப்பு வேலை, ஜூலை மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 10 சதவீதம் பிடித்த கம்பெனிக்கு, அதே வேலைக்கு, ‘டெக்னிக்கல் சர்வீஸ் சார்ஜஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் உங்கள் வேலையைப் பார்ப்பதில்லை, பில்லில் இருக்கும் எழுத்தைத்தான் பார்க்கிறார். டெக்னிக்கல் என்று பார்த்ததும் தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவில் சேர்த்துவிட்டார். உண்மையில், தொழில்நுட்பச் சேவை என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு 2 சதவீதம்தான். 10 என்பது டாக்டர், வக்கீல் போன்றோருக்கு.

வழக்கமான பராமரிப்பு ஒப்பந்தம், அதில் உதிரி பாகம் சேர்ந்திருந்தாலும், ஒப்பந்த வேலைதான் என்று நேரடி வரிகள் வாரியம் 1995-ல் வெளியிட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீதம். ஒரே பில் 30,000-த்தைத் தாண்டினால் அல்லது ஒரு வருடத்தில் ஒரே இடத்திலிருந்து மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். அந்தக் கணக்குப் பிரிவுக்கு இதைச் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். இனி பில்லில் என்ன வேலை செய்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள்.

பிடித்த 32,000 போய்விட்டது என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருந்தால் முழுதாகக் கிடைக்கும். பிரச்சினை வேறு: வருடம் முழுக்க உங்கள் பணம் முடங்குகிறது. மேலும், துறையின் பதிவில் நீங்கள் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தக்காரர், இன்னொரு கம்பெனிக்கு ஆலோசகர் என்று இருக்கும். ஒப்பந்தக்காரராகக் கணக்குக் காட்டும்போது கேள்வி வர இடம் உண்டு. அப்படி வந்தால் பில், வேலை உத்தரவு இரண்டையும் காட்டிப் பதில் சொல்லலாம். அதற்காகவே இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

விட்டுப்போன இரண்டு வருடம்

இதில் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமான செய்தி. ‘அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று வந்திருக்கிறதாம், நான்கு வருடம் வரை போடலாமாம், அதில் பழைய டிடிஎஸ் 61,000-ஐ வாங்கிவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் என்பது சரிதான். 2025 ஏப்ரலிலிருந்து அப்படி நீட்டித்தார்கள். ஆனால் அது வரி பாக்கி உள்ளவர்கள் கூடுதல் வரியோடு கட்டித் தீர்ப்பதற்கான வழி. ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. இது தெரியாமல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்து நேரத்தையும் பணத்தையும் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

வேறு வழி இருக்கிறது. உண்மையான கஷ்டத்தால் காலத்தில் ரிட்டர்ன் போட முடியாதவர்கள், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுச் செய்யலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு அது. 2024 அக்டோபர் 1-ல் வந்த 11-ஆம் எண் சுற்றறிக்கைப்படி, அந்தந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு 2023-24-க்கு 2030 மார்ச் 31 வரையும், 2024-25-க்கு 2031 மார்ச் 31 வரையும் நேரம் இருக்கிறது. மனுவை இயன்றவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அதே சுற்றறிக்கை சொல்கிறது. தாமதமாகக் கேட்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களில் இது முதலாவது. மனுவை நீங்களே இணையதளத்தில் பதிவேற்ற முடியும். ஆனால் காரணத்தை எப்படி எழுதுகிறோம், என்ன ஆதாரம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மனு நிற்கும். கணக்கு பார்த்தவர் நோய்வாய்ப்பட்டார், ஆபீஸ் மூடப்பட்டது, உங்கள் தாள்கள் அங்கே மாட்டிக்கொண்டன என்பது சொல்லத்தக்க காரணம். அவருக்கும் உங்களுக்கும் நடந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். 61,000 ரூபாய் என்பது உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு முறை செலவு செய்து முறையாகக் கேட்டு வாங்குங்கள்.

பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த வருடங்களில் லாபம் 5 லட்சத்தை ஒட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதைய புதிய முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. நீங்கள் அரசுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை. அரசிடமிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும்.

ஜிஎஸ்டி: எல்லையைத் தாண்டிய வேலையும் 20 லட்சமும்

அத்திப்பள்ளி வேலைக்காக இப்போதே ஜிஎஸ்டி எடுக்க வேண்டியதில்லை. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்குப் பதிவு கட்டாயம் என்பது உண்மை. ஹார்டுவேர் கடைக்காரர் சரக்கு விற்பவர், அவர் அனுபவத்திலிருந்து சொல்கிறார். வேறு மாநிலத்தில் சேவை செய்பவருக்கு, அகில இந்திய மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஓசூர் பக்கம் காலையில் கர்நாடகம் போய்ச் சாயங்காலம் திரும்பும் பிளம்பர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

40 லட்சம் வரை வேண்டாம் என்று அவர் சொன்னதும் சரக்கு மட்டும் விற்பவர்களுக்குத்தான். சாமானும் கூலியும் சேர்த்து எடுக்கும் ஒப்பந்த வேலை சேவையாகத்தான் கருதப்படும். உங்கள் வரம்பு 20 லட்சம். இந்த 20 லட்சத்தில் லாபத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் போட்ட பில்லின் மொத்தத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் வாங்கிப் போட்ட வயரும் சுவிட்சும் பில்லில் இருந்தால் அதுவும் சேரும். வீட்டுக்காரரே கடையில் வாங்கிக் கொடுத்தது சேராது. பணம் இன்னும் வராத பில்லும் சேரும்.

கடந்த வருடம் 18,40,000. இந்த வருடம் சூளகிரி பக்கம் புதிதாக ஒரு பெரிய வேலை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தீபாவளிக்குப் பிறகு மாதக் கடைசியில் எல்லாம் ஏப்ரல் 1-லிருந்து போட்ட பில்களைக் கூட்டிப் பாருங்கள். 20 லட்சத்தைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதுதான் ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய இரண்டாவது விஷயம். பதிவு எடுத்தால் கம்பெனி வேலைக்கு 18 சதவீதம் போடுவீர்கள். பதிவு பெற்ற கம்பெனி பெரும்பாலும் அதைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். அத்திப்பள்ளி வேலைக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் வேலைக்கான ஜிஎஸ்டி) போட வேண்டும், கர்நாடகத்தில் தனிப் பதிவு வேண்டியதில்லை. தனி வீட்டுக்குப் புதிதாகச் செய்யும் வயரிங்கில், சாமான் இல்லாமல் கூலி மட்டும் வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பழைய வீட்டு ரிப்பேருக்கு அந்த விலக்கு இல்லை. எந்த பில்லில் எதைப் போடுவது என்று முதல் இரண்டு மூன்று மாதம் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால் அப்புறம் நீங்களே செய்துவிடுவீர்கள்.

ஆசைக்காகவோ மரியாதைக்காகவோ முன்கூட்டியே நம்பர் எடுக்காதீர்கள். நம்பர் எடுத்த நாளிலிருந்து வேலை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. தவறினால் வரி இல்லாத ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், வரி உள்ளதற்கு 50 ரூபாய் என்று தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

மாறுவது எது, மாறாதது எது

இப்போது உங்கள் முக்கியமான பயத்துக்கு வருகிறேன். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, பின்னால் ஓடி முடியவில்லை என்கிறீர்கள். மேலே நான் சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள். ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீத டிடிஎஸ்: 2009 முதல். இடையில் கொரோனா சமயத்தில் 2020 மே முதல் 2021 மார்ச் வரை மட்டும் 0.75 ஆக இருந்தது. 30,000 / 1 லட்சம் வரம்பு: 2016 முதல். வங்கி வரவுக்கு 6 சதவீத லாபம்: 2016-17 கணக்கிலிருந்து. சேவைக்கு 20 லட்சம்: ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை முதல். இவற்றில் எதுவும் உங்கள் காலடியில் மாறவில்லை. அடிக்கடி மாறியது ஒன்றுதான்: வரி அடுக்கும் தள்ளுபடியும். 2023-ல், 2024-ல், 2025-ல் மாறியது; 2026 பட்ஜெட்டில் மாறவில்லை. மாறிய ஒவ்வொரு முறையும் புதிய முறையில் உங்கள் சுமை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் இதே கதைதான். சிமென்ட், ஏசி 28-லிருந்து 18-க்கு வந்தன. நீங்கள் வாங்கும் வயர், சுவிட்ச், எம்சிபி முன்பும் 18, இப்போதும் 18. அந்த வாரம் முழுக்க வந்த வாட்ஸ்அப் செய்திகளில் உங்கள் கொட்டேஷனை மாற்ற வைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

புதிய சட்டத்தைப் பற்றி: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் இப்போது போடப்போவது 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன். அது பழைய சட்டப்படிதான், மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். இந்த ஏப்ரலிலிருந்து சம்பாதிப்பதற்குத்தான் புதிய சட்டம். அதற்கு 2027-ல் ரிட்டர்ன் போடும்போது ‘வரி ஆண்டு 2026-27’ என்று இருக்கும். முன் ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் அதோடு போகிறது. 44ஏடி-யின் விஷயம் 58-ஆம் பிரிவில் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் டிடிஎஸ் 393-ல் இருக்கிறது. எண்தான் வேறு, 6 சதவீதமும் 1 சதவீதமும் அதேதான். இரண்டு ‘2026-27’-உம் வேறு வேறு வருடத்து வருமானத்தைக் குறிக்கும் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பலர் தடுமாறப்போகும் இடம் இது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிப்ரவரி 1-ல் பட்ஜெட் வரும். அன்றைக்கே எதையும் செய்ய வேண்டாம். அங்கே சொல்லும் வருமான வரி மாற்றம் பொதுவாக ஏப்ரல் 1-ல் தொடங்கும் ஆண்டுக்குத்தான். பத்திரிகை தகவல் அலுவலகம் பட்ஜெட் அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. அதில் வரி அடுக்கு, தள்ளுபடி, சிறுதொழில் உத்தேச லாபம், ஒப்பந்தக்காரர் டிடிஎஸ் என்ற நான்கை மட்டும் தேடிப் படியுங்கள். ஜிஎஸ்டி விகித மாற்றம் பட்ஜெட்டில் வருவதில்லை, ஜிஎஸ்டி கவுன்சில் கூடும்போது வரும். 2025-ல் செப்டம்பர் 3-ல் முடிவெடுத்து 22-ல் அமல்படுத்தினார்கள். மார்ச் 15-க்குள், டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000-த்தைத் தொடும் என்று தெரிந்தால் முன்கூட்டிய வரியை ஒரே தவணையில் கட்டிவிடுங்கள். இப்போது உங்களுக்கு அது தேவைப்படாது.

ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட அவசரப்படாதீர்கள். கம்பெனிகள் கடைசிக் காலாண்டு டிடிஎஸ் கணக்கைக் கொடுக்க மே 31 வரை நேரம் உண்டு. ஜூன் 15-க்குப் பிறகு வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வரவு பற்றித் துறைக்கு வந்த தகவல்) இரண்டையும் இறக்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். அங்கே கம்பெனி காட்டியிருக்கும் தொகையைவிட நீங்கள் குறைவாக வரவு காட்டினால் நோட்டீஸ் வரும். தணிக்கை தேவைப்படாத உங்களைப் போன்ற தொழில்காரர்களுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. 2025-ல் செப்டம்பர் 16 வரை தள்ளிப்போனது என்பதற்காக அரசு நீட்டிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்யாவிட்டால் போடாத மாதிரிதான்.

நோட்டு என்றேன். உங்கள் மனைவி ஒரு நோட்டில் வரவு எழுதி வருகிறார் என்று சொல்லியிருந்தீர்கள். மிக நல்லது. அதில் தேதி, யாரிடமிருந்து, பில் தொகை, பிடித்த டிடிஎஸ், கைக்கு வந்தது, வங்கியா ரொக்கமா என்று பத்தி பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்ச் 31 அன்று கையிருப்பு ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றையும் எழுதி வைக்கட்டும். ஐடிஆர்-4 அவற்றைக் கேட்கும். ஒரே வீட்டு வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், தவணையாகப் பிரித்து வாங்கினாலும் சரி. வாங்கிய அளவுக்கே அபராதம் விழும்.

முதலில் இதைச் செய்யுங்கள்

இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, சுயவிவரத்தில் எந்த செல் நம்பர், எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பழைய ஆடிட்டருடையது இருக்கும். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஓடிபி-க்காக ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் போன் போட வேண்டாமே என்று போட்டிருப்பார்கள். ஆனால் அவர் ஆபீஸ் மூடிய பிறகு உங்களுக்கு வந்த கடிதம், நோட்டீஸ் எல்லாம் அந்த மின்னஞ்சலில் யாரும் பார்க்காமல் கிடக்கும். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஆதார் ஓடிபி வைத்துப் புதிதாக மாற்றலாம். உங்கள் நம்பரையும் உங்கள் மின்னஞ்சலையும் போடுங்கள். பிறகு நிலுவையில் உள்ள நடவடிக்கைகள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். விட்டுப்போன வருடங்களுக்கு அங்கே ஏதாவது நோட்டீஸ் இருந்தால் அதற்குப் பதில் சொல்லும் கெடு இருக்கும்; மன்னிப்பு மனுவுக்கு முன்னால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

தளத்தில் சிக்கினால் வருமான வரித்துறையின் கட்டணமில்லா எண் 1800 103 0025. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தால் பாஸ்வேர்டை அங்கே சேமித்து வைக்க விடாதீர்கள், ஓடிபி-யை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். ‘உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி எதையும் தொடாதீர்கள்.

மன்னிப்பு மனுவுக்கு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: அந்த இரண்டு வருட 26ஏஎஸ், வங்கி ஸ்டேட்மென்ட், பில் நகல்கள், பழைய ஆடிட்டருடன் நடந்த குறுஞ்செய்திகளின் அச்சு. மனு, ரிட்டர்ன் இரண்டுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கொடு என்று கேட்பவரிடம் கொடுக்காதீர்கள், வேறு ஆளைப் பாருங்கள். மனுவையும் ரிட்டர்னையும் உங்கள் செல் நம்பர் உள்ள கணக்கிலிருந்தே பதிவேற்றச் சொல்லி, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.